கோடையில் மலைவீடு: கொடைக்கானலுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூம்பாறைச் சாலையிலிருந்து நாங்கள் வாடகைக்குப் பிடித்திருந்த வீட்டுக்கு இறங்குவது வெறும் மண் பாதை. இரவு ஒன்பதரை மணி. பனிமூட்டம். பிற்பகல் பெய்த மழையில் சேறு. முழங்கால் வலியோடு என் மாமியார் கைபேசி வெளிச்சத்தில் ஒவ்வோர் அடியாக வைத்து இறங்கினார். ‘வாசல் வரை வண்டி போகும்’ என்றுதான் விளம்பரத்தில் இருந்தது. ஜீப் போகும், எங்கள் கார் போகவில்லை. எந்த வண்டி என்று நாங்கள் கேட்கவில்லை.

மலையில் தனி வீடு எடுப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். ஹோட்டல் அறை பிடிப்பதுபோல் படங்களைப் பார்த்து முன்பணம் அனுப்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரரிடமோ காவல்காரரிடமோ ஒருமுறை பேசிவிடுங்கள். சிறிய கார் வாசல் வரை வருமா, மழை பெய்தாலும் வருமா? எத்தனை படி ஏற வேண்டும்? தண்ணீர் குழாயில் வருகிறதா, லாரியில் வாங்குகிறார்களா? மே மாதத்தில் மலையிலும் தண்ணீர் தட்டுப்பாடு உண்டு. வீட்டுக்கு முறையான அனுமதி இருக்கிறதா என்பதையும் தயங்காமல் கேளுங்கள். கொடைக்கானலில் விதிமீறிக் கட்டிய கட்டடங்கள் நீதிமன்ற உத்தரவால் பூட்டி முத்திரையிடப்பட்டது பழைய செய்தி.

வண்டியோடு மலை ஏற இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு இ-பாஸ். அதை எடுக்காமல் கிளம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இது நடைமுறைக்கு வந்தது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு நாளொன்றுக்கு வாரநாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 வண்டி என்று உச்சவரம்பும் வைத்தார்கள். எனவே வீட்டைப் பிடிப்பதற்கு முன்பே அந்தத் தேதிக்குப் பாஸ் கிடைக்குமா என்று பாருங்கள். கட்டணம் எதுவும் இல்லை. 5 லிட்டருக்கு உட்பட்ட பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்கும் அங்கே தடை. பிடிபட்டால் ஒரு பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. வீட்டிலிருக்கும் எவர்சில்வர் பாட்டில்களும் ஒரு பெரிய கேனும் போதும். ரயிலில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கொடைக்கானல் ரோடு நிலையம் அடிவாரச் சமவெளியில் இருக்கிறது. அங்கிருந்து ஊர் ஏறக்குறைய 80 கிலோமீட்டர்.

வத்தலக்குண்டில் குழந்தைகளுக்கு வயிறு நிறையப் பரோட்டா வாங்கிக் கொடுத்துவிட்டு மலை ஏறாதீர்கள். இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கைபேசியைக் கொடுத்துக் குனிந்து பார்க்கவிட்டால் மூன்றாவது வளைவிலேயே வாந்தி வரும். ஜன்னல் பக்கம் உட்காரவைத்துத் தூரத்தில் தெரியும் மலையைப் பார்க்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும். எப்படியாவது மாலை நான்கு மணிக்குள் வீட்டைச் சேர்ந்துவிடுங்கள். இருட்டில் புது வீட்டின் பாதையும் தெரியாது, பாதையில் நிற்கும் காட்டெருமையும் தெரியாது.

அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. மே மாதத்திலும் கொடைக்கானல் இரவு 12, 13 டிகிரிக்கு இறங்கிவிடும். மதுரை வெயிலில் இருந்து வருகிறவர்களுக்கு அது நடுக்கும் குளிர். வெளியே கரி அடுப்பில் கோழி சுட்டுச் சாப்பிட்ட பிறகு, ‘கங்கு வீணாகிறதே’ என்று அடுப்பை அறைக்குள் எடுத்துவந்து கதவைச் சாத்திப் படுத்துவிடுகிறார்கள். 2024 ஆகஸ்டில் கொடைக்கானலில் இப்படித் தூங்கிய இரண்டு இளைஞர்கள் விடியும்போது உயிரோடு இல்லை.

புகை நின்று செக்கச்செவேல் என்று கனன்றுகொண்டிருக்கும் கங்கு பார்க்கப் பாதுகாப்பாகத் தெரிகிறது. அதுதான் ஏமாற்றுவது. அப்போதும் அதிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்ட வேண்டிய இடத்தில், அதைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு இது ஒட்டிக்கொள்ளும். முதலில் லேசான தலைவலி, தலைசுற்றல். பயணக் களைப்பு என்றுதான் நினைப்போம். தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. புகைபோக்கி உள்ள கணப்பைத் தவிர வேறெந்த நெருப்பும் படுக்கும் அறைக்குள் வரக்கூடாது. அந்தக் கணப்பையும் புகைபோக்கி அடைக்காமல் இருக்கிறதா என்று கேட்டுவிட்டே மூட்டுங்கள், அணைத்துவிட்டுப் படுங்கள். குளியலறையில் கேஸ் கீசர் இருந்தால், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். குளிருக்கு ஆளுக்கொரு கூடுதல் கம்பளி, குழந்தைகளுக்குக் குல்லா, காலுறை. இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சமையல் விஷயத்தில் எங்கள் வீட்டுப் பெண்கள் முதல் நாளே திகைத்துப் போனார்கள். ஊரில் மூன்று விசிலில் குழையும் துவரம்பருப்பு முழுதாகக் கிடந்தது. 7,000 அடி உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. திறந்த பாத்திரத்தில் எவ்வளவு நேரம் கொதித்தாலும் சூடு அதற்குமேல் ஏறாது. குக்கர் இல்லாமல் போகக்கூடாது. பருப்புக்கு முன்கூட்டியே ஊறலும், இரண்டு விசில் கூடுதலும் தேவை. இட்லி மாவு அங்கே எளிதில் புளிக்காது. புளித்த மாவாகக் கொண்டுபோனால் மூன்று நாள் தாங்கும். தேங்காய் எண்ணெய் புட்டியில் கட்டியாக உறைந்திருக்கும். பூண்டை மட்டும் கொண்டுபோக வேண்டாம். புவிசார் குறியீடு பெற்ற மலைப்பூண்டு அங்கேயே கிடைக்கும். அதன் காரத்தில் ஒரு ரசம் வைத்துப் பாருங்கள்.

மூன்று நாளில் பதினேழு இடம் என்று பட்டியல் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். சீசனில் ஏரிச் சாலையிலும் தூண் பாறைக்குப் போகும் வழியிலும் காருக்குள்ளேயே பாதி நாள் கழிந்துவிடும். மதியம் போய்ச் சேர்ந்தால் தூண் பாறை இருக்கும் திசையில் வெள்ளைப் பனிமூட்டம்தான் தெரியும். காலையில் ஓர் இடம் பார்த்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புங்கள். எங்கள் பையன் இன்றும் சொல்வது ஏரியைப் பற்றி அல்ல. மழை பெய்துகொண்டிருந்தபோது தாத்தாவோடு திண்ணையில் உட்கார்ந்து தாயம் ஆடியதைப் பற்றித்தான்.

அந்தத் திண்ணைக்கு எதிரே, மாலை ஆறு மணிக்கு ஒரு காட்டெருமை வந்து நின்றது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோன்ற கால்கள், ஒரு டன் வரை எடை வரக்கூடிய உடம்பு. நின்று புல் மேய்வதைப் பார்த்தால் வீட்டு மாடு மாதிரி சாதுவாகத் தோன்றும். படம் எடுக்க நெருங்கி முட்டுப்பட்டவர்கள் அங்கே உண்டு. உள்ளே வந்து கதவைச் சாத்துங்கள். அது தானாகப் போய்விடும். எஞ்சிய சோற்றையும் காய்த் தோலையும் தோட்டத்தில் கொட்டாதீர்கள். குரங்குகளும் பன்றிகளும் அந்த இடத்தைப் பழகிக்கொண்டு, அடுத்து வரும் குடும்பத்தின் சமையலறை ஜன்னலில் ஏறும்.

இறங்கும்போது பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டுவதும், வழி நெடுகப் பிரேக்கை மிதித்தபடி வருவதும் விபத்துக்கு வழி. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். கருகும் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.