லெஃப்ட் 4 டெட் 2: புதிதாக வருகிறவர்களுக்குத் துப்பாக்கி முதல் டேங்க் வரை

வால்வ் நிறுவனம் 2009 நவம்பரில் வெளியிட்ட விளையாட்டு இது. நான்கு பேர் சேர்ந்து ஜாம்பிக் கூட்டங்களைச் சுட்டுக்கொண்டே தப்ப வேண்டும். இன்றும் புதிதாக உள்ளே வருகிறவர்கள் இருக்கிறார்கள். வந்ததும் பலரும் செய்வது ஒன்றுதான்: துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடுவது. கொஞ்ச தூரம் போனதும் இருட்டிலிருந்து ஹன்டர் என்ற சிறப்பு ஜாம்பி ஒன்று பாய்ந்து நெஞ்சின் மேல் உட்கார்ந்துகொள்ளும். அதன் பிறகு சுட முடியாது, எழ முடியாது. கூட வந்தவர் யாராவது தள்ளிவிட்டால்தான் உண்டு. அவர்களோ இரண்டு அறை பின்னால் இருப்பார்கள்.

நானும் முதல் சில வாரங்கள் அப்படித்தான் ஆடினேன். அதனால் இங்கே எந்தத் துப்பாக்கி பெரியது என்ற பட்டியலைவிட, எதை எப்போது எடுப்பது, பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படி உதவும் என்பதைத்தான் அதிகம் சொல்லப்போகிறேன். கணினியில் விளையாடுகிறவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன்.

படி 1: நார்மலில் தொடங்குங்கள்

ஈஸி, நார்மல், அட்வான்ஸ்ட், எக்ஸ்பர்ட் என்று நான்கு நிலைகள் உண்டு. ஈஸியில் உங்கள் தோட்டா நண்பர் மேல் பட்டாலும் அவருக்கு ஒன்றும் ஆகாது. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் யார் குறுக்கே நின்றாலும் சுடும் பழக்கம் வந்துவிடும். நார்மலில் கொஞ்சம் உயிர் குறையும். அந்த அளவு உறுத்தல் வேண்டும். முதல் கதையாக ‘டெட் சென்டர்’ எடுங்கள். எரியும் ஹோட்டலில் தொடங்கி, தெரு, வணிக வளாகம், கடைசியில் அதன் நடுக்கூடம் என்று நான்கு பகுதிகள்.

பொத்தான்களில் வலது கிளிக்தான் உயிர் காப்பது. அது தள்ளும் பொத்தான். சுற்றி வளைத்த ஜாம்பிகளை ஒரே தள்ளலில் பின்னே சாய்க்கலாம், நண்பர் மேல் ஏறியதைக் கீழே இறக்கலாம். ரீலோட் ஆகும்போதும் தள்ளலாம், ரீலோட் நிற்காது. விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் மட்டும் கை சோர்ந்து வேகம் குறைந்துவிடும்.

அப்புறம் குனிவது. கண்ட்ரோல் பொத்தானை அழுத்திக் குனிந்தால் குறி நேராக இருக்கும். அதைவிட முக்கியம், முன்னால் இருப்பவர் குனிந்தால் பின்னால் இருப்பவர் அவர் தலைக்கு மேலாகச் சுடலாம். கதவு வாசலில் இரண்டு பேர் குனிந்து, இரண்டு பேர் நின்று சுட்டால் எவ்வளவு பெரிய கூட்டமும் உள்ளே வர முடியாது.

படி 2: கையில் ஐந்தே இடம்

1-இல் பெரிய துப்பாக்கி. 2-இல் கைத்துப்பாக்கி, அல்லது கோடரி மாதிரி கையால் அடிக்கும் ஆயுதம். 3-இல் பைப் பாம் மாதிரி எறியும் பொருள். 4-இல் மெடிகிட் என்ற மருந்துப் பெட்டி. 5-இல் மாத்திரை அல்லது அட்ரினலின் ஊசி. ஒவ்வொன்றிலும் ஒன்றுதான் வைக்க முடியும். உங்கள் 3 நிரம்பியிருக்கும்போது தரையில் இன்னொரு குண்டு கிடந்தால், ‘இங்கே பைப் பாம் இருக்கிறது’ என்று மைக்கில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். இல்லாதவர் வந்து எடுத்துக்கொள்வார்.

படி 3: மற்ற மூவரின் கையைப் பார்த்துத் துப்பாக்கி எடுங்கள்

தொடக்கத்தில் கிடைப்பவை இரண்டு வகை: சப்மெஷின் கன், ஷாட்கன். சப்மெஷின் கன்னில் ஒரு மேகசினுக்கு 50 தோட்டா. தெருவிலும் கொஞ்ச தூரத்திலும் நன்றாக வேலை செய்யும். ஷாட்கன் பக்கத்தில் வருவதைக் கிழித்துப் போடும், தூரத்தில் ஒன்றும் ஆகாது.

நான்கு பேரும் ஷாட்கன் எடுத்தால் என்ன ஆகும்? கூரை மேல் நின்று ஸ்மோக்கர் என்ற சிறப்பு ஜாம்பி நாக்கை நீட்டி ஒருவரை இழுக்கும். அதை எட்டிச் சுட யாரிடமும் ஒன்றும் இருக்காது. நான்கு பேரும் ஸ்னைப்பர் எடுத்தால் கூட்டம் மேலே ஏறிவிடும். இரண்டு ஷாட்கன், ஒரு ரைஃபிள், ஒரு ஸ்னைப்பர் என்பது என் அனுபவத்தில் எந்த வரைபடத்துக்கும் ஒத்துவருகிறது.

கதை நகர நகர அடுத்த தரத் துப்பாக்கிகள் வரும். எம்16-இல் 50 தோட்டா, புதியவர் கைக்கு எளிது. ஏகே-47-இல் 40தான், அடி பலம், ஆனால் உதறும். ஸ்கார் 60 கொள்ளும், மூன்று மூன்றாகச் சுடும். ஆட்டோ ஷாட்கன் 10 குண்டு. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் பழையதை அப்படியே விட்டுவிடுங்கள், பாசம் வேண்டாம். லேசர் கருவி கிடைத்தால் உடனே பூட்டிக்கொள்ளலாம், ஆனால் அது அந்தத் துப்பாக்கியோடு சேர்ந்தது. வேறு துப்பாக்கிக்கு மாறினால் லேசரும் போய்விடும்.

இரண்டாம் இடத்துக்கு என் கணக்கு இதுதான்: முதல் கையில் ஷாட்கன் இருந்தால் இரண்டாவதில் மேக்னம் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளுங்கள், தூரத்துக்கு அது. முதல் கையில் ரைஃபிளோ ஸ்னைப்பரோ இருந்தால் கோடரி, வாள் மாதிரி ஏதாவது. சாதாரண ஜாம்பி ஒரே வெட்டில் விழும், தோட்டா செலவில்லை. கைத்துப்பாக்கிகளுக்கும் தோட்டா தீராது என்பதால், வழியில் தனியாக நிற்பவற்றுக்கு அதையே பயன்படுத்தலாம்.

படி 4: மருந்து

முழு உயிர் 100. 40-க்குக் கீழே போனால் நொண்டத் தொடங்குவீர்கள், ஓட முடியாது. பூஜ்யம் ஆனால் கீழே விழுவீர்கள். விழுந்தவருக்கு 300 உயிர் தனியாகக் கிடைத்து மளமளவென வடியும். அதற்குள் நண்பர் ஒருவர் 5 நொடி குனிந்து தூக்கிவிட வேண்டும். எழுந்தபின் 30 உயிர்தான் இருக்கும், அதுவும் தற்காலிகமானது. இரண்டு முறை விழுந்தபின் திரை கறுப்பு வெள்ளையாகிவிடும். மூன்றாவது முறை விழுந்தால் தூக்க முடியாது, மரணம்தான்.

இப்போது மெடிகிட். இது இழந்த உயிரில் 80 சதவீதத்தைத் திருப்பித் தரும். இழந்ததில் என்பதைக் கவனியுங்கள். உங்கள் உயிர் 70 என்றால் இழந்தது 30. பெட்டி தருவது 24. உயிர் 20 என்றால் இழந்தது 80; அதே பெட்டி 64 தரும். ஒரே பெட்டி, ஆனால் பலன் இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, விழுந்த கணக்கையும் அது அழித்துவிடும். கறுப்பு வெள்ளைத் திரை பழையபடி ஆகும். மாத்திரைக்கு அந்தச் சக்தி இல்லை. மாத்திரை 50 தற்காலிக உயிர் தரும், மெல்ல மெல்லக் கரைந்துவிடும்.

ஒரு முறை, பகுதியின் முடிவில் இருக்கும் பாதுகாப்பு அறையின் வாசலுக்கு வந்துவிட்டோம். எனக்கு உயிர் 62. கையில் பெட்டி இருக்கிறதே என்று நின்று கட்டுப் போட்டுக்கொண்டேன். கட்டி முடிப்பதற்குள் பின்னால் கறுப்பு வெள்ளையில் நொண்டிக்கொண்டு வந்த நண்பர் மேல் ஜாக்கி என்ற சிறப்பு ஜாம்பி ஏறியது. இறக்கிவிட்டோம். ஆனால் அவர் உயிர் 6. அவருக்குக் கட்ட யாரிடமும் பெட்டி இல்லை. அடுத்து வந்த ஒரே ஒரு சாதாரண ஜாம்பி போதுமானதாக இருந்தது. அந்தப் பெட்டி அவருடையதாக இருந்திருக்க வேண்டும் என்று எனக்கு இன்றும் தோன்றும். பெட்டியைக் கையில் எடுத்து நண்பரைப் பார்த்து வலது கிளிக்கை அழுத்திப் பிடித்தால் அவருக்குக் கட்டலாம். அது தெரிந்தும் எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். 40-க்கு மேல் இருந்தால் கட்டாதீர்கள். கறுப்பு வெள்ளையில் இருப்பவருக்கு முதல் உரிமை. பாதுகாப்பு அறையை எட்டிவிட்டால், உள்ளே போய்க் கதவைச் சாத்தி, அடுத்த பகுதி தொடங்கியபின் கையில் இருப்பதைக் கட்டிக்கொண்டு, தரையில் வைத்திருக்கும் புதுப் பெட்டியை எடுங்கள். காயமும் ஆறும், கையும் காலியாகாது.

டிஃபிப்ரிலேட்டர் இறந்தவரை 50 உயிரோடு எழுப்பும், ஆனால் மெடிகிட் இருக்கும் இடத்தையே பிடித்துக்கொள்ளும். நால்வரில் ஒருவரிடம் இருந்தால் போதும். அட்ரினலின் 25 தற்காலிக உயிரும் 15 நொடி வேகமும் தரும். அந்த நேரத்தில் தூக்கிவிடுவது, கட்டுப் போடுவது எல்லாம் சீக்கிரம் முடியும்.

படி 5: எறிவதைக் கடைசி வரை சேமிக்காதீர்கள்

பைப் பாம் பீப் பீப் என்று கத்தும். கூட்டம் உங்களை விட்டுவிட்டு அதன் பின்னால் ஓடும், 6 நொடியில் வெடிக்கும். கூட்டம் வரும் சத்தம் கேட்டதுமே, அவை வரும் பக்கமாகத் தூரத்தில் எறியுங்கள். தலைக்கு மேல் ஏறியபின் தேடினால் கை நடுங்கிக் காலடியிலேயே விழும். மோலட்டாவ் என்ற பெட்ரோல் பாட்டில் தீ வைக்கும்; குறுகிய வழியை அடைக்க அற்புதம், நீங்கள் ஓட வேண்டிய வழியிலேயே போட்டுவிட்டால் ஆபத்து. ‘டெட் சென்டரில்’ பாதுகாப்பு உடை அணிந்த ஜாம்பிகள் வரும், அவற்றை நெருப்பு தொடாது. அவற்றிடம் சில சமயம் பூமர் என்ற சிறப்பு ஜாம்பியின் வாந்தி நிரப்பிய ஜாடி கிடைக்கும். அதை டேங்க் என்ற ராட்சத ஜாம்பி மேல் எறிந்தால் சாதாரண ஜாம்பிகள் எல்லாம் டேங்கை மொய்க்கும்.

படி 6: காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்

இந்த விளையாட்டில் எல்லாச் சிறப்பு ஜாம்பியும் வருமுன் சத்தம் கொடுக்கும். ஸ்மோக்கர் இருமும். ஜாக்கி சிரிக்கும். ஹன்டர் உறுமும். பூமரின் வயிறு குமுறும். பாட்டு ஓடவிட்டு விளையாடுவதை முதல் மாதம் தவிர்த்துவிடுங்கள்.

ஹன்டர், ஜாக்கி, ஸ்மோக்கர் மூன்றிடமிருந்தும் நண்பரை ஒரு தள்ளலில் விடுவிக்கலாம். சார்ஜரிடம் தள்ளல் பலிக்காது. அது ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடித் தரையில் அடித்துக்கொண்டே இருக்கும். அதன் 600 உயிரையும் சுட்டுத் தீர்த்தால்தான் விடும். பூமர் பக்கத்தில் வந்தால் சுடாதீர்கள். வெடித்து உங்கள் மேலேயே தெறிக்கும், கூட்டம் ஓடிவரும். முதலில் தள்ளுங்கள், இரண்டு அடி பின்வாங்குங்கள், அப்புறம் சுடுங்கள்.

கூட்டம் வரும்போது சுவரில் முதுகைக் கொடுத்து மூலையில் நிற்பது நல்ல வழிதான். ஆனால் அதே மூலையில் ஸ்பிட்டர் துப்பினால் நால்வரும் அமிலத்தில் நிற்பீர்கள். நிற்க நிற்க அதன் கடுமை கூடும். ஆகவே மூலைக்குப் போகும்போதே வெளியேற ஒரு பக்கத்தைக் கண்ணால் குறித்து வையுங்கள். பச்சைக் குழம்பு விழுந்ததும் நால்வரும் அதே பக்கம் நகர வேண்டும். ஆளுக்கொரு திசையில் சிதறினால் அதற்காகவே ஒரு ஹன்டர் காத்திருக்கும்.

படி 7: அழுகைச் சத்தம் கேட்டால்

அது விட்ச், அழுதுகொண்டிருக்கும் பெண் ஜாம்பி. எஃப் பொத்தானை அழுத்தி டார்ச்சை அணைத்துவிட்டு, சுடாமல், சுற்றிப் போங்கள். தொந்தரவு செய்தவரை ஒரே அடியில் வீழ்த்தும்; எக்ஸ்பர்ட்டில் அடித்தால் நேரே மரணம்.

படி 8: டேங்க்

இசை மாறி, தரை அதிரும். நார்மலில் அதற்கு 4000 உயிர், அட்வான்ஸ்டிலும் எக்ஸ்பர்ட்டிலும் 8000. கேட்டதும் முன்னேறுவதை நிறுத்துங்கள். படிக்கட்டிலோ குறுகிய நடைபாதையிலோ இருந்தால் கொஞ்சம் பின்வாங்கி, திறந்த இடத்துக்கு வாருங்கள். கார்கள் நிற்கும் இடமாக இருந்தால் அவற்றிலிருந்து விலகி நில்லுங்கள். டேங்க் குத்தினால் கார் பறந்து வந்து நசுக்கும்.

கண்ணில் பட்டதும் மோலட்டாவ் வைத்திருப்பவர் எறியட்டும். எரிய எரிய அதன் உயிர் தானாகக் குறையும், ஆனால் தண்ணீரில் இறங்கினால் அணைந்துவிடும். அது யாரைத் துரத்துகிறதோ அவர் சுட வேண்டாம், ஓடட்டும். மற்ற மூவரும் சுட வேண்டும். ஓடுகிறவர் நண்பர்களை நோக்கி ஓடக்கூடாது, அவர்களைச் சுற்றி வளையமாக ஓட வேண்டும். நொண்டுகிறவரிடம் அது வந்தால் தப்ப வழி இல்லை. ஆகவே இசை கேட்ட அந்த இரண்டு மூன்று நொடியிலேயே அவர் மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மாத்திரை வைத்திருப்பவர் அதைக் கையில் எடுத்து, அவரைப் பார்த்துத் தள்ளும் பொத்தானை அழுத்திக் கொடுத்துவிட வேண்டும்.

படி 9: 13 கேன்

‘டெட் சென்டரின்’ கடைசிக் கூடத்தில் இதுவரை சொன்னது எல்லாம் ஒரே நேரத்தில் வரும். லிஃப்ட் கதவு திறந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். மாடிகளில் சிதறிக் கிடக்கும் பெட்ரோல் கேன்களில் 13-ஐக் கொண்டுவந்து காரில் ஊற்ற வேண்டும். கேனைத் தூக்கியிருக்கும்போது துப்பாக்கி கையில் இருக்காது. அதனால் இரண்டு பேர் தூக்க, இரண்டு பேர் காவல். முதலில் பக்கத்தில் இருப்பவை, அப்புறம் மேல்மாடி. மேலிருந்து கேன்களைக் கீழே எறிந்துவிட்டு ஒன்றாக இறங்குங்கள். ஒவ்வொன்றாகச் சுமந்து படி இறங்க நேரம் இல்லை. எறிந்தவற்றை ஒரே குவியலாக விட்டுவைக்கவும் வேண்டாம். ஸ்பிட்டரின் அமிலம் பட்டால் பற்றிக்கொள்ளும், பிறகு அவை பழைய இடத்தில் மறுபடி தோன்றும் வரை காத்திருக்க வேண்டியதுதான். அட்ரினலின் மிச்சம் வைத்திருந்தால் கடைசி இரண்டு கேனுக்குப் போடுங்கள். ஊற்றுகிறவர் முதுகைப் பார்த்துக்கொள்ள ஒருவர் காருக்குப் பக்கத்திலேயே நிற்கட்டும்.