ரெசின் மினியேச்சரா? பசையைத் தொடும் முன் சோப்பைத் தொடுங்கள்

ஒட்டிப் பெயின்ட் அடிப்பதற்காகத் துண்டு துண்டாக வரும் சின்ன ரெசின் பொம்மை. பெட்டியைப் பிரித்ததும் கை பரபரக்கும். தலையை உடம்பில் வைத்துப் பார்ப்போம், அப்படியே ஒரு சொட்டு பசையும் வைத்துவிடுவோம் என்று தோன்றும். வேண்டாம். 75 மி.மீ. அளவில் ஒரு வீரனை நான் அப்படித்தான் ஒட்டி, பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் பூச்சு) அடித்து, முகத்துக்கு மட்டுமே இரண்டு வாரம் மாலை மாலையாக உட்கார்ந்து நிறம் ஏற்றினேன். கவசத்தின் ஓரத்துக்காக மாஸ்கிங் டேப் ஒட்டி எடுத்தபோது டேப்போடு பெயின்ட், பிரைமர் எல்லாம் ஒரே தோலாக உரிந்து வந்தது; அடியில் வழுவழுவென்று வெறும் ரெசின். அவ்வளவு வேலையும் போனது ஒரு கழுவலைத் தவிர்த்ததால்தான்.

இந்தப் பொம்மைகளைச் சிலிகான் ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள். இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் அவை வினைபுரிந்து பாலியூரித்தேன் ரெசினாக இறுகும். இறுகியது எளிதாகக் கழன்று வரவும், அச்சு சீக்கிரம் வீணாகாமல் இருக்கவும், உள்ளே ரிலீஸ் ஏஜென்ட் என்ற ஒன்றைத் தெளிப்பது வழக்கம். எதுவும் ஒட்டக் கூடாது என்றே செய்த பொருள் அது. பொம்மையின் மேல் அது மிச்சமிருந்தால் உங்கள் பெயின்டையும் ஒட்ட விடாது. பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

கழுவுவதற்கு முன் படத்தோடு ஒப்பிட்டுத் துண்டுகளை எண்ணிக்கொள்ளுங்கள். தொட்டால் பிசுபிசுவென்று விரலில் ஒட்டும் துண்டு இருந்தால், அநேகமாக ரெசின் சரியாக இறுகவில்லை. அதை எவ்வளவு கழுவினாலும் தேறாது, மாற்றித் தரச் சொல்வதுதான் வழி.

சரி, கழுவலாம். ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் லிக்விட் சில சொட்டு. கை பொறுக்கும் சூட்டுக்கு மேல் போகாதீர்கள், வாள், ஈட்டி மாதிரி மெல்லியவை வளைந்துவிடும். பதினைந்து இருபது நிமிடம் ஊறட்டும். அப்புறம் மென்மையான பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். முதுகு, கேடயம் போன்ற சமதளங்களை ஒரு தேய்ப்புத் தேய்த்தால் போதும். முடிச்சுருள், துணி மடிப்பு, சங்கிலிக் கவசம், விரலிடுக்கு, இங்கெல்லாம்தான் அந்தப் பொருள் தங்கும், பிரஷ்ஷை நுனியாகக் குத்திக் குத்தித் தேயுங்கள். நேராகக் குழாயடியில் பிடிக்காதீர்கள். 28 மி.மீ. பொம்மையின் கை அவ்வளவு சின்னது, சாக்கடைக்குள் போனால் போனதுதான். டீ வடிகட்டியில் போட்டு அலசினால் பயமில்லை.

கழுவியது போதுமா என்று தண்ணீரே சொல்லும். ஈரமான துண்டைச் சாய்த்துப் பாருங்கள்: தண்ணீர் தாமரை இலையில் நிற்பது போல முத்து முத்தாகத் திரண்டால் இன்னும் வழுவழுப்பு இருக்கிறது, மறுபடி சோப்பு. மெல்லிய படலமாகப் பரவினால் சரி. அசிட்டோன், தின்னர் பக்கம் போகாதீர்கள், அவை ரெசினையே கெடுத்துவிடலாம். துணியில் பரப்பி ஒரு ராத்திரி காய விடுங்கள்.

அடுத்து பிசிறு எடுப்பது. ரெசின் ஊற்றிய வாயில் நிற்கும் கட்டையைப் பொம்மையை ஒட்டி நறுக்காதீர்கள், ரெசின் சில்லு தெறித்து உடம்பில் பள்ளம் விழும். கொஞ்சம் தள்ளி ரம்பத்தால் அறுத்துவிட்டு மிச்சத்தைத் தேய்த்து எடுங்கள். அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் ஓடும் கோட்டைக் கத்தியின் முதுகுப் பக்கத்தால் சுரண்டி, 400, 600 நம்பர் வாட்டர் பேப்பரை (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) நனைத்துத் தேயுங்கள். நனைப்பது முக்கியம். ரெசின் தூள் நுரையீரலுக்குக் கெடுதல், மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள், இதில் சமரசமே வேண்டாம். வளைந்த வாளைக் கொதி நீர் ஆறத் தொடங்கியதும் இடுக்கியால் பிடித்து அரை நிமிடம் முக்கி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீரில் பிடித்தால் அப்படியே நின்றுவிடும். காற்றுக் குமிழி விட்ட ஓட்டைகளுக்குப் பட்டி.

தேய்த்த தூளும் விரல் எண்ணெயும் மேலே படிந்திருக்கும் என்பதால் இரண்டாவது முறை கழுவுங்கள், இந்த முறை சீக்கிரம் முடியும். இதற்குப் பிறகு கையுறை போட்டுக்கொண்டோ ஓரத்தைப் பிடித்தோதான் தொட வேண்டும்.

3டி பிரின்டரில் வந்த பொம்மைக்கு இந்த முறை பொருந்தாது. அதன் மேல் இறுகாத ரெசின் ஒட்டியிருக்கும், அது தோலுக்கு ஆகாது. நைட்ரைல் கையுறையோடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் கழுவி, காய வைத்து, புற ஊதா விளக்கில் இறுக்க வேண்டும். கழுவிய ஆல்கஹாலைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள்.

ஒட்டுவதற்குச் சூப்பர் குளூ. பிளாஸ்டிக் கிட்டுக்கான சிமென்ட் என்ற பசை, பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டுவது, ரெசினில் பிடிக்காது. கனமான கை, இறக்கை என்றால் 1 மி.மீ. துளை போட்டுப் பித்தளைக் கம்பி செருகுங்கள். பிறகு சாம்பல் நிறப் பிரைமர் ஒரே ஒரு மெல்லிய பூச்சு அடித்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். கண்ணில் படாத கோடு ஒன்று தோளிலோ காலிலோ நிச்சயம் எட்டிப் பார்க்கும். அதை 800 நம்பரில் தேய்த்துவிட்டு, அந்த இடத்துக்கு மட்டும் மறுபடி பிரைமர் அடியுங்கள்.