லினக்ஸ் போட்டாச்சு, வைஃபை வரவில்லை: கார்டின் எண்ணிலிருந்து தொடங்குங்கள்

லினக்ஸ் நிறுவி, கணினி மறுபடி எழுந்து, திரையும் ஒலியும் எல்லாம் சரியாக வந்திருக்கும். மூலையில் வைஃபை குறி மட்டும் இருக்காது. அமைப்புகளைத் திறந்தால் வைஃபை அடாப்டரே இல்லை என்று சொல்லும். தெரிந்தவர்களுக்கு லினக்ஸ் போட்டுக் கொடுக்கும் எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். கேட்பவர் அநேகமாக மடிக்கணினியின் மாடல் பெயரைப் போட்டுத் தேடி, கிடைத்த கட்டளைகளை எல்லாம் ஒட்டிப் பார்த்த பிறகுதான் கூப்பிடுவார். மாடல் பெயர் இதில் உதவாது. ஒரே பெயரில் விற்கும் மடிக்கணினியில் ஒன்றுக்குள் இன்டெல் வைஃபை கார்டு இருக்கும், இன்னொன்றுக்குள் ரியல்டெக் இருக்கும். நமக்கு வேண்டியது உள்ளே இருக்கும் கார்டின் எண்.

அதற்கு முன் இணையம் வேண்டும், ஏனென்றால் டிரைவரை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, இறக்க வேண்டும். லேன் கேபிள் இருந்தால் போதும். இல்லையென்றால் ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளில் செருகி, போனின் ஹாட்ஸ்பாட் அமைப்புகளில் 'யுஎஸ்பி டெதரிங்' என்பதை இயக்குங்கள். லினக்ஸ் அதை லேன் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். தனி டிரைவர் தேவையில்லை. போன் வீட்டு வைஃபையில் இருந்தால் அதே இணையம் கேபிள் வழியாகக் கணினிக்கு வரும், மொபைல் டேட்டா செலவாகாது. டெதரிங் பொத்தான் மங்கலாகவே இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள்; சில கேபிள்களில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா போகாது.

இனி எண்ணைக் கேட்கலாம். இங்கே கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) அவற்றை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். முதல் கட்டளை: எல்எஸ்பிசிஐ -என்என்கே. நீளமான பட்டியல் வரும். அதில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்று தொடங்கும் இடத்தைத் தேடுங்கள். யுஎஸ்பியில் செருகும் வைஃபை அடாப்டர் என்றால் எல்எஸ்யுஎஸ்பி என்று தட்டுங்கள்.

என் மேசையில் இருக்கும் ஒரு பழைய மடிக்கணினியில் இப்படி வந்தது: பிராட்காம் பிசிஎம்43142, அதன் பின் சதுர அடைப்புக்குள் 14இ4:4365. அந்தக் கடைசி எட்டு எழுத்துகள்தான் முக்கியம். முன்பாதி தயாரித்தவரைச் சொல்லும், பின்பாதி எந்தக் கார்டு என்று சொல்லும். 14இ4 பிராட்காம், 8086 இன்டெல், 10இசி ரியல்டெக், 14சி3 மீடியாடெக், 168சி ஏதெரோஸ். தேடும்போது இந்த எட்டையும் முழுதாகப் போட்டுத் தேடுங்கள். குப்பை பாதிக்கு மேல் வடிந்துவிடும்.

அந்த வரிக்குக் கீழே பாருங்கள். 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்று ஒரு வரி இருக்கிறதா? அந்த வரியே இல்லையென்றால் கார்டுக்கு டிரைவர் கிடைக்கவில்லை. இருந்தும் வைஃபை வரவில்லை என்றால், அநேகமாக டிரைவருக்கு வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பு இல்லை, அல்லது கார்டு அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரிக்காமல் டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவுவதால் பயனில்லை.

அணைத்து வைத்திருப்பதை முதலில் பார்த்துவிடலாம், ஒரு நிமிடம்தான். ஆர்எஃப்கில் லிஸ்ட் என்று தட்டுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்: எஸ்' என்று வந்தால் சூடோ ஆர்எஃப்கில் அன்பிளாக் ஆல் போதும். 'ஹார்ட் பிளாக்ட்: எஸ்' என்றால் மடிக்கணினியின் பக்கவாட்டில் சிறு சுவிட்ச் இருக்கிறதா, விமானக் குறி போட்ட பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஃபர்ம்வேர் என்பது கார்டுக்குள்ளேயே ஓடும் சிறு நிரல். டிரைவர் பெரும்பாலும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலோடு வந்துவிடும். ஃபர்ம்வேர் தனிப் பொதியாக (நிறுவக்கூடிய கோப்புத் தொகுப்பாக) வரும். அது இல்லையென்றால் சூடோ டிஎம்இஎஸ்ஜி என்ற கட்டளை காட்டும் பதிவில் 'டைரக்ட் ஃபர்ம்வேர் லோட் ஃபெயில்டு வித் எர்ரர் -2' என்று வரும். அந்த -2 என்பது கோப்பு கிடைக்கவில்லை என்ற செய்தி. ஆனால் இன்டெல் கார்டுகளில் இதைப் பார்த்ததும் பதற வேண்டாம். அந்த டிரைவர் புதிய பதிப்பு எண்ணிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொரு கோப்பாகத் தேடும். வரிசையாக நாலைந்து -2 வந்து, அதன் பின் 'லோடட் ஃபர்ம்வேர்' என்று ஒரு வரி இருந்தால் எல்லாம் சரி. கடைசியில் 'நோ சூட்டபிள் ஃபர்ம்வேர் ஃபவுண்ட்' என்று முடிந்தால்தான் கோப்பு இல்லை என்று பொருள்.

உபுண்டு, ஃபெடோரா, மின்ட் ஆகிய மூன்று லினக்ஸ் வகைகளிலும் இந்தக் கோப்புகள் பெரும்பாலும் நிறுவும்போதே வந்துவிடுகின்றன. டெபியன் என்ற இன்னொரு வகையில் நெடுங்காலம் அப்படி இல்லை. 2022இல் டெபியன் உறுப்பினர்கள் வாக்களித்து முடிவெடுத்த பிறகு, 2023இல் வந்த டெபியன் 12 முதல் நிறுவியிலேயே ஃபர்ம்வேர் சேர்ந்து வருகிறது. அதற்கு முந்தைய பதிப்பு வைத்திருந்தால் மென்பொருள் மூலங்களில் 'நான்-ஃப்ரீ' பகுதியைச் சேர்த்து, இன்டெலுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் என்ற பொதியை நிறுவுங்கள். டெபியனை முழுக்கக் கட்டற்ற மென்பொருளாகவே வைத்திருக்க அவர்கள் எடுத்த அக்கறையை மதிக்கிறேன். ஆனாலும் புதிதாக வருபவர் முதல் நாளே இணையம் இல்லாமல் திரும்பிப் போகக் கூடாது. அந்த வாக்கெடுப்பு நல்ல காரியம்.

சரி, டிரைவரே இல்லாத நிலைக்கு வருவோம். முதலில் கெர்னலின் வயதைப் பாருங்கள்: யூநேம் -ஆர். கார்டு புதிது, கெர்னல் பழையது என்றால் வேறு எதுவும் தேடத் தேவையில்லை. இன்டெல் ஏஎக்ஸ்200க்கு 5.1, ஏஎக்ஸ்210க்கு 5.10, ரியல்டெக் 8821சிஇக்கு 5.9, மீடியாடெக் எம்டி7921க்கு 5.12, ரியல்டெக் 8852பிஇக்கு 6.2 கெர்னலாவது வேண்டும். உபுண்டு 22.04 முதலில் வந்தது 5.15 கெர்னலோடு. அதில் 8852பிஇ கார்டு ஊமையாகத்தான் இருக்கும். லினக்ஸ்-ஜெனரிக்-எச்டபிள்யூஇ-22.04 என்ற பொதியை நிறுவி மறுதொடக்கம் செய்தால் புதிய கெர்னல் வரும், வைஃபையும் அதோடு வரும். டெபியனில் இதே வேலையை, புதிய பதிப்புப் பொதிகளைத் தரும் 'பேக்போர்ட்ஸ்' பகுதி செய்யும். கண்ட இடத்திலிருந்து டிரைவரின் மூலநிரலை இறக்கிக் கைப்பட கம்பைல் செய்வதைவிட (ஓடக்கூடிய நிரலாக மாற்றுவதைவிட) இதுவே எனக்குப் பிடித்த வழி. அடுத்த கெர்னல் மாற்றத்தில் உடையாது.

பிராட்காம் கதை வேறு. மேலே சொன்ன 14இ4:4365க்கு கெர்னலோடு வரும் பி43 டிரைவர் ஒத்துவராது. டபிள்யூஎல் என்ற தனி டிரைவர் வேண்டும். உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்', மின்ட்டில் 'டிரைவர் மேனேஜர்' திறந்தால் அதுவே காட்டும், தேர்ந்தெடுத்தால் போதும். டெபியனில் பிராட்காம்-எஸ்டிஏ-டிகேஎம்எஸ் என்ற பொதி. டெபியன் 12இலும் இது தானாக வராது. இது ஃபர்ம்வேர் இல்லை, டிரைவர், ஆகவே 'நான்-ஃப்ரீ' பகுதியைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஃபெடோராவில் ஆர்பிஎம் ஃபியூஷன் என்ற கூடுதல் மென்பொருள் மூலத்தைச் சேர்த்து ஏகேமோட்-டபிள்யூஎல் நிறுவுங்கள்.

இந்த வகை டிரைவர் உங்கள் கணினியிலேயே கம்பைல் ஆகிறது. அதற்கு உங்கள் கெர்னலுக்குரிய ஹெடர் பொதி கட்டாயம்: உபுண்டுவில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக், டெபியனில் லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64. பதிப்பு எண் இல்லாத இந்தப் பெயரிலேயே நிறுவுங்கள். அப்போதுதான் கெர்னல் புதுப்பிக்கும்போது ஹெடரும் கூடவே வரும், டிரைவரும் தானாக மறுபடி கம்பைல் ஆகும். நேற்றுவரை வேலை செய்த வைஃபை ஒரு அப்டேட்டுக்குப் பிறகு காணாமல் போனால் நான் முதலில் பார்ப்பது இந்த ஹெடரைத்தான். அவசரத்துக்கு, கணினி எழும்போது வரும் குரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய்ப் பழைய கெர்னலில் ஏறிக்கொள்ளலாம்.

எல்லாம் நிறுவியும் வரவில்லையா? சூடோ மோட்புரோப் டபிள்யூஎல் என்று தட்டுங்கள். 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் குறுக்கே நிற்பது செக்யூர் பூட். கையொப்பம் இல்லாத டிரைவரை அது உள்ளே விடாது. அதனால்தான் உபுண்டுவில் டிரைவர் நிறுவும்போது ஒரு கடவுச்சொல் கேட்கும். அது உங்கள் கணக்குக் கடவுச்சொல் அல்ல. ஒரே ஒரு முறை பயன்படும் புதிய சொல். அடுத்த முறை கணினி எழும்போது நீலத்திரை ஒன்று வரும். 10 விநாடிக்குள் ஏதாவது ஒரு விசையை அழுத்தி, 'என்ரோல் மோக்', 'கன்டினியூ', 'எஸ்' என்று போய் அந்தச் சொல்லைக் கொடுக்க வேண்டும். நீலத்திரையைப் பார்த்ததும் கணினி கெட்டுவிட்டது என்று பயந்து அணைத்துவிடுபவர்கள் உண்டு, அணைக்காதீர்கள். திரை தவறிவிட்டால் சூடோ அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --என்ரோல்-கீ என்று தட்டி மறுபடி தொடங்கலாம். பயாஸில் செக்யூர் பூட்டை அணைப்பதும் ஒரு வழிதான், ஆனால் ஐந்து நிமிட வேலைக்காக ஒரு பாதுகாப்பை நிரந்தரமாகக் கழற்ற நான் சொல்ல மாட்டேன்.

விண்டோஸும் கூடவே வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' கணினியை முழுதாக அணைப்பதில்லை. அதனால் சில கார்டுகள் லினக்ஸில் எழ மறுக்கும். விண்டோஸில் அதை நிறுத்திவிட்டு, ஒரு முறை முழுதாக அணைத்து எழுப்புங்கள்.

இவ்வளவுக்கும் மசியாத கார்டு என்றால் யுஎஸ்பி அடாப்டர் வாங்கிக்கொள்ளலாம். பெட்டியில் 'லினக்ஸ் சப்போர்ட்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம், உள்ளே எந்தச் சிப் என்று கேளுங்கள். ஏஆர்9271, எம்டி7610யு, எம்டி7612யு சிப்களுக்கு டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. செருகிய அடாப்டர் எல்எஸ்யுஎஸ்பி பட்டியலில் 0பிடிஏ:1ஏ2பி என்று சிடி டிரைவ் போலத் தெரிந்தால், அது விண்டோஸ் டிரைவர் சுமந்த வட்டாகத் தன்னைக் காட்டிக்கொண்டிருக்கிறது. யுஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற பொதியை நிறுவிவிட்டுக் கழற்றி மறுபடி செருகுங்கள். அப்புறமும் அதே எண் தெரிந்தால், கோப்பு மேலாளரில் அந்த வட்டை 'எஜெக்ட்' செய்து பாருங்கள். பல அடாப்டர்கள் அதோடு வைஃபையாக மாறிவிடும்.