மொரீஷியஸைப் பத்தி தெரிஞ்சுக்கணுமா? லீவு லிஸ்ட்ல இருந்து ஆரம்பிங்க

ஒரு நாட்டைப் பத்தி படிக்கணும்னா நிறைய பேர் தலைநகரம், மக்கள்தொகை, ஜிடிபின்னு மனப்பாடம் பண்றாங்க, ஒரு வாரத்துல எல்லாம் மறந்துபோயிடும். அதை விட்டுட்டு அந்த நாட்டு அரசு லீவு லிஸ்ட்டை முதல்ல எடுங்க. மொரீஷியஸை வெச்சே பாக்கலாம்.

பிப்ரவரி 1 லீவு, 1835ல அடிமை முறை ஒழிஞ்ச நாள். நவம்பர் 2ம் லீவு, 1834ல அட்லஸ்ங்கிற கப்பல்ல இந்தியாவுல இருந்து ஒப்பந்தக் கூலிங்க வந்து இறங்கின நாள். ரெண்டு தேதியையும் சேத்து வெச்சுப் பாருங்க, அடிமைங்க விடுதலையாகப் போறாங்க, கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேணும், அதுக்குத்தான் இந்தக் கப்பல்னு தானா புரிஞ்சிடும். 1920 வரைக்கும் ஏறக்குறைய அஞ்சு லட்சம் பேர் இப்படி வந்தாங்க, அவங்க ஏறி வந்த படிக்கட்டு தலைநகரம் போர்ட் லூயிஸ்ல, அவங்க வந்து இறங்கின ஆப்ரவாசி காட்ங்கிற படித்துறைல இப்பவும் இருக்கு, கண்டிப்பா அதோட போட்டோவைத் தேடிப் பாருங்க. தமிழங்க அதுக்கும் முன்னாடியே, பிரெஞ்சுக்காரங்க காலத்துலயே பாண்டிச்சேரி பக்கமிருந்து கட்டட வேலைக்குப் போயிட்டாங்க. மார்ச் 12 சுதந்திர நாள், 1968. தைப்பூசக் காவடி, சிவராத்திரி, சீனப் புத்தாண்டு, ரம்ஜான், கிறிஸ்துமஸ் எல்லாத்துக்கும் லீவு உண்டு, ஏன்னா அந்தத் தீவுக்கு பூர்வகுடின்னு யாருமே கிடையாது, எல்லாருமே கடல் தாண்டி வந்தவங்க.

அடுத்து ரூபா நோட்டு, எந்த நோட்டுல யார் படம்னு பாருங்க. 25ல சீன வம்சாவளிக்காரர், 100ல தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த ரங்கநாதன் சீனிவாசன், 200ல முஸ்லிம் தலைவர், 1000ல கிரியோல் (ஆப்பிரிக்கக் கலப்பு வம்சாவளி) தலைவர். நோட்டுல இங்கிலீஷுக்குக் கீழ தமிழ், அதுக்கப்புறம்தான் இந்தி. 1998ல இந்தியை மேல போட்டு புது நோட்டு அடிச்சாங்க, தமிழங்க கொதிச்சுப்போய் போராடினதுல அந்த நோட்டையே வாபஸ் வாங்கிட்டாங்க. அங்க எல்லா இனத்துக்கும் சரியா இடம் குடுக்குறது எவ்வளவு பெரிய விஷயம்னு இது ஒண்ணே சொல்லிடும்.

பொருளாதாரத்துக்கு, எதை வித்து பொழைக்குறாங்கன்னு மட்டும் வரிசையா பாருங்க. ரொம்ப காலம் சர்க்கரைதான். 1970ல ஏற்றுமதிக்குன்னே பொருள் செய்ற ஃபேக்டரிங்களுக்குச் சலுகை குடுக்குற ஏற்றுமதி மண்டலச் சட்டம் போட்டாங்க, துணி ஃபேக்டரிங்க வந்துச்சு, டூரிஸமும் வளந்துச்சு, அப்புறம் பைனான்ஸ். இந்தியாவோட 1982ல போட்ட வரி ஒப்பந்தத்தால, மொரீஷியஸ் கம்பெனி மூலமா இந்தியப் பங்குகளை வித்து வர்ற லாபத்துக்கு இங்க வரி கிடையாது, அதனால வெளிநாட்டுக்காரங்க மொரீஷியஸ் வழியாவே இங்க முதலீடு பண்ணினாங்க, 2016ல அதைத் திருத்தி அந்தச் சலுகையைக் குறைச்சிட்டாங்க. பிசினஸ் நியூஸ்ல மொரீஷியஸ் பேரு ஏன் அடிக்கடி வருதுன்னு குழம்புறவங்க இந்த ஒப்பந்தத்தை முதல்ல படிங்க.