பையைத் திறக்கச் சொல்லுங்கள், மைக்கை அப்புறம் நீட்டலாம்

கல்லூரி மாணவர்களின் வாசிப்பைப் பற்றி ஆவணப்படம் எடுக்கப் போகிறீர்கள். கையில் போன் இருக்கிறது, கூட நாலு பேர் இருக்கிறார்கள், பாளையங்கோட்டையில் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. உடனே கேட்டில் போய் நின்று "புத்தகம் படிப்பீங்களா?" என்று மைக்கை நீட்டாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். இருபது பேருக்கு மேல் பேசினார்கள், எல்லோரும் சொல்லிவைத்தாற்போல "படிச்சாதான் அறிவு வளரும்" என்றார்கள், கடைசியாக எதைப் படித்தோம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

கேள்வியிலேயே கோளாறு. நம்மூரில் படிப்பது என்றாலே பரீட்சைக்குப் படிப்பதுதான். நூலகத்தில் போய்ப் பாருங்கள், மேசைக்கு மேசை டிஎன்பிஎஸ்சி வழிகாட்டிதான் விரிந்து கிடக்கும். அவர்களும் படத்தில் வர வேண்டியவர்கள்தான், ஆனால் கதைப் புத்தகம் வாசிக்கிறவர்களோடு சேர்த்துக் குழப்பிவிட்டால் படம் எதைப் பற்றியது என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் "இப்ப பையில என்ன இருக்கு, காட்டுறீங்களா?" என்று கேளுங்கள். போனில் வாசிக்கிறவர் என்றால், பிரதிலிபி என்ற கதைச் செயலியோ வாட்ஸ்அப்பில் வந்த பிடிஎஃப்போ, எந்த இடத்தில் நிறுத்தினார் என்று திறந்து காட்டச் சொல்லுங்கள்.

சேரன்மகாதேவிப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வரும் ஒரு மாணவி அப்படித்தான் பையைத் திறந்தாள். பழுப்புத் தாளில் அட்டை போட்ட நூலகப் புத்தகம், உள்ளே அங்கங்கே மகளிர் இலவசப் பயணச்சீட்டுகள், அடையாளத்துக்கு வைத்தவை. அடுத்தடுத்த இரண்டு சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் பக்கங்கள்தான் அவளுடைய ஒருநாள் வாசிப்பு. "உக்கார எடம் கெடச்சா பத்து பக்கம் ஓடும்ண்ணே, நின்னுக்கிட்டு வந்தா ரெண்டுதான்." இருபது பேர் பேசியதைவிட இந்த ஒரு வரியில் விஷயம் அதிகம். நானோ அந்தச் சீட்டுகளை மூன்று நொடி எடுத்துவிட்டு போனை ஆட்டிவிட்டேன். எதை எடுத்தாலும் மனசுக்குள் பத்து எண்ணும்வரை கையை அசைக்காதீர்கள்.

படத்தில் பேச மூன்று நான்கு பேர் போதும். வாசிக்கவே வாசிக்காத ஒருவர் கட்டாயம் இருக்கட்டும், அவரைக் கிண்டல் செய்யாதீர்கள், ஏன் வாசிப்பதில்லை என்று அவருக்குத்தான் தெளிவாகத் தெரிந்திருக்கும். கேமராவைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் மேடைத்தமிழுக்குத் தாவிவிடுவார்கள். முதல் ஐந்து நிமிடம் சும்மா பேச்சுக் கொடுங்கள், "வாசிக்கேன்", "சொல்லுதேன்" என்று இறங்கி வந்தபிறகு கேட்பதைக் கேளுங்கள்.

அனுமதிக் கடிதம் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்கு, ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். படம் யூடியூபில் வரும் என்பதைப் பேசுகிறவரிடம் முதலிலேயே சொல்லி, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவுசெய்து வையுங்கள். வீட்டில் பிரச்சினை வரும் என்று தயங்கினால் முகம் வேண்டாம், கையும் புத்தகமும் போதும்.

படம் சுமாராக இருந்தால் மன்னிப்பார்கள், சத்தம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடுவார்கள். மலிவான காலர் மைக் ஒன்று வாங்குங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், வெயில் காலத்தில் அது கொடுமைதான், காலையிலேயே முடித்துவிடலாம். கிளம்புமுன் யாரும் பேசாமல் முப்பது நொடி அந்த அறையின் சத்தத்தை மட்டும் பதிவுசெய்யுங்கள், எடிட்டிங்கில் ஒட்டுப்போட உதவும். ஆடிக்காற்றில் ஆற்றங்கரைப் பேட்டி வேண்டவே வேண்டாம். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் பட்டை பட்டையாக ஓடினால், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம், கேமராவில் நொடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 நொடி என்று வைத்தால் சரியாகிவிடும்.

நெல்லையப்பர் கோபுரம், அல்வாக் கடை இரண்டையும் விட்டுவிடுங்கள், திருநெல்வேலி என்றால் எல்லோரும் அதைத்தான் எடுக்கிறார்கள். திருநெல்வேலி டவுனிலிருந்து பாளையங்கோட்டைக்கு பஸ்ஸில் வரும் பிள்ளைகள் 1843-இல் கட்டிய சுலோசன முதலியார் பாலத்தைத் தாண்டும்போது ஜன்னலோரம் யார் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பொருநை நெல்லை புத்தகத் திருவிழாவிலும் உள்ளே போகிற கூட்டத்தைவிட வெளியே வருகிற கைகளை எடுங்கள்.

எடிட்டிங்குக்கு டாவின்சி ரிசால்வ் இலவசமாகவே கிடைக்கிறது. உட்காருமுன் யார் எத்தனையாவது நிமிடத்தில் என்ன சொன்னார் என்று நோட்டில் எழுதிவிடுங்கள், சலிப்பான வேலைதான், ஆனால் படம் அங்கேதான் உருவாகும். பத்து நிமிடம் தாண்ட வேண்டாம். "இன்றைய இளைய தலைமுறை..." என்று தொடங்கும் பின்னணிக் குரல் வேண்டாம். சினிமாப் பாட்டைப் போட்டால் யூடியூபில் காப்பிரைட் வந்து நிற்கும்.

வெளியிடுமுன் படத்தில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுங்கள். அந்தப் பஸ் மாணவி முழுதாகப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாள்: "திருப்பிக் குடுக்க வேண்டிய தேதி தாண்டிட்டுண்ணே, அந்த முத்திரை தெரியுது. அத மட்டும் வெட்டிருங்க." வெட்டிவிட்டேன்.