அம்பாசடர்ல எலக்ட்ரிக் ஃபேன் மாட்டுறது எப்படி

பழைய அம்பாசடர்ல வாட்டர் பம்ப் புல்லியோட சுத்துற ஃபேன், டிராஃபிக்ல வண்டி ஐடிலிங்ல நிக்கும்போதுதான் ரொம்ப மெதுவா சுத்தும், காத்து அதிகமா தேவைப்படுறதும் அப்பதான். அதுக்குத்தான் எலக்ட்ரிக் ஃபேன். ஆனா அது 10 ஆம்ப் கிட்ட இழுக்கும், பழைய டைனமோ (கரண்ட் தயாரிக்கிற மெஷின்) வண்டின்னா ஐடிலிங்ல அது அவ்வளவு கரண்ட் தராது, முதல்ல ஆல்டர்னேட்டர் போட்டுடுங்க.

இஞ்சின் ஆறினதும் பேட்டரி நெகட்டிவ கழட்டிட்டு பழைய ஃபேன எடுங்க, புல்லிய திரும்ப மாட்டுறப்போ அதே நீள போல்ட்ட போடாதீங்க, நடுவுல இருந்த ஃபேனோட தடிமன் குறைஞ்சதால போல்ட் உள்ள போய் பம்ப்ல இடிக்கும், கொஞ்சம் குட்டையா வாங்கிக்கோங்க. புது ஃபேன பிராக்கெட் வச்சு மாட்டுங்க, ரேடியேட்டர் ஃபின்னுக்குள்ள பிளாஸ்டிக் டேக் விட்டு கட்டுறது வேணவே வேணாம், ஆட்டத்துல ட்யூப் ஓட்டையாயிடும்.

வயரிங்ல 30 ஆம்ப் ரிலே (சின்ன கரண்ட வச்சு பெரிய கரண்ட ஆன் பண்ற ஸ்விட்ச்) கட்டாயம், பேட்டரி பக்கத்துலயே ஃப்யூஸ். தெர்மோஸ்டாட் (சூடானதும் தண்ணிய ரேடியேட்டருக்கு திறந்து விடுற வால்வு) 82 டிகிரின்னா, ஃபேனுக்கு 92ல ஆன் ஆகுற ஸ்விட்ச் சரியா இருக்கும். மேல் ஹோஸ்ல அடாப்டர் வச்சு ஸ்விட்ச் போட்டா அதுக்கு தனியா எர்த் வயர் குடுங்க, ரெண்டு பக்கமும் ரப்பர்ல, பாடியோட தொடர்பே இருக்காது.

கடைசியா ஃபேன ஓட விட்டு ரேடியேட்டர் முன்னாடி ஒரு பேப்பர் பிடிங்க. ஒட்டிக்கணும். தள்ளுச்சுன்னா ஃபேன் தலைகீழா சுத்துது, ஃபேனோட ரெண்டு வயரையும் இடம் மாத்தி குடுங்க.