குறைமாதக் குழந்தைக்குப் பால் எடுத்துக் கொடுப்பது எப்படி

28 வாரத்தில் பிறந்த குழந்தையால் உறிஞ்சவும் விழுங்கவும் மூச்சுவிடவும் ஒருசேர முடியாது. அந்தத் திறமை வர 34 வாரம் அளவில் ஆகும். அதுவரை பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்ஐசியுவில் மெல்லிய குழாய் வழியாகத்தான் பால் இரைப்பைக்குப் போகும். குறைமாதக் குடலைத் தாக்கும் என்இசி என்ற கடும் அழற்சி, தாய்ப்பால் பெறும் குழந்தைகளுக்குக் குறைவாகவே வருகிறது. அதனால் ஒரு சொட்டையும் அற்பமாக நினைக்க வேண்டாம்.

முடிந்தால் பிறந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே, தாமதமானாலும் 6 மணி நேரத்துக்குள், பால் எடுக்கத் தொடங்குங்கள். சிசேரியன் என்றாலும் படுக்கையிலேயே செய்யலாம். சீம்பால் கெட்டியானது, பம்ப்பில் எடுத்தால் பாதி அதன் பாகங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். பால் சுரப்பைத் தூண்ட பம்ப், சீம்பாலைச் சேகரிக்கக் கை என்று வைத்துக்கொள்ளுங்கள். காம்பிலிருந்து 2-3 சென்டிமீட்டர் தள்ளிக் கட்டைவிரலையும் மற்ற விரல்களையும் எதிரெதிரே வையுங்கள். நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களை நெருக்கி, விடுங்கள். விரலைத் தோலின்மேல் தேய்த்து இழுத்தால் எரிச்சல்தான் மிஞ்சும். துளிர்க்கும் சொட்டை 1 மில்லி சிரிஞ்சில் உறிஞ்சித் தாதியிடம் கொடுத்துவிடுங்கள். உணவு தொடங்குமுன்பே தாதியர் அதில் கொஞ்சம் எடுத்துக் குழந்தையின் கன்னத்தின் உட்புறம் தடவுவார்கள்.

முதல் இரண்டு வாரம்தான் முக்கியம். 24 மணி நேரத்தில் 8 முதல் 10 தடவை, இருபக்கமும் ஒரே நேரத்தில் எடுக்கும் மின்பம்ப்பில், ஒவ்வொரு முறையும் 15-20 நிமிடம் எடுங்கள். இரவில் 5 மணி நேரத்துக்குமேல் இடைவெளி வேண்டாம். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம், அதனால் நள்ளிரவு முறையைத் தவிர்த்தால் பகலிலும் பால் குறையும். 14ஆம் நாளுக்குள் நாளொன்றுக்கு 500-750 மில்லி வந்தால் நல்ல நிலை. வலித்தால் பம்ப் உறிஞ்சும் விசையைக் குறையுங்கள். மார்பில் பொருத்தும் பம்ப் புனலின் சுவரில் காம்பு உரசினால் புனல் சிறியது. காம்பைச் சுற்றிய கருவட்டமும் நிறைய உள்ளே இழுபட்டால் பெரியது.

பால் படும் பாகங்களைத் தொட்டியில் போடாமல் தனி வாளியில், தனி ஸ்பாஞ்சால் கழுவுங்கள். புட்டியில் பெயர், தேதி, எடுத்த நேரம் மூன்றும் இருக்கட்டும். வெவ்வேறு நேரத்துப் பாலைக் கலக்க வேண்டாம். தொடக்கத்தில் ஒரு வேளைக்கு 1 மில்லிதான் போகும் என்பதால் சிறுசிறு அளவாகவே வையுங்கள். உறையவைப்பதாக இருந்தால் முக்கால் அளவு நிரப்பினால் போதும், உறையும்போது பால் விரியும். குளிர்பெட்டிக் கதவில் வைக்காமல் உள்ளே பின்பக்கம் வையுங்கள். எத்தனை மணி நேரம் வைக்கலாம் என்பதில் வார்டு சொல்வதே கணக்கு, வீட்டுக்குழந்தைக்கான விதி இங்கே பொருந்தாது.

சிங்கப்பூர் வெயிலில் எம்ஆர்டி ரயில் நிலையம் வரை நடந்தாலே பால் சூடேறும். வெப்பம் புகாத பையில் ஜெல் கட்டிகளோடு கொண்டுபோங்கள். சாதாரண ஐஸ்கட்டி போட்டால் உறைந்த பால் இளகத் தொடங்கும். வழியில் இளகிவிட்டால் மீண்டும் உறையவைக்காமல் தாதியிடம் சொல்லிக் கொடுங்கள்.

பத்தியம் என்ற பேரில் தண்ணீரைக் குறைக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சுறாவில் பாதரசம் அதிகம் என்பதால் சுறாப்புட்டைத் தவிர்ப்பது நல்லது. பூண்டு சாப்பிடலாம், ஆனால் பம்ப் செய்யாமல் அது மட்டும் பாலைக் கூட்டாது. நாட்டு மருந்து எதுவானாலும் முதலில் டாக்டரிடம் சொல்லுங்கள். சேனை வைப்பது, வசம்பு வளையல், கறுப்புக் கயிறு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகும் டாக்டரைக் கேட்டுத்தான். தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது.

பால் போதவில்லையென்றால் தானப்பால் பற்றி வார்டில் கேளுங்கள். கேகே மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி 2017இல் தொடங்கியது. பரிசோதித்த தாய்மார்களின் பாலைக் கிருமிநீக்கம் செய்து தருகிறது. தெரிந்தவரிடம் வாங்கிய பாலைக் குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்க வேண்டாம். எடை 1.5 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குப் பாலில் சத்துப்பொடி சேர்ப்பார்கள். அதற்காக உங்கள் பால் மட்டம் என்று எண்ண வேண்டாம். கருவறையில் கடைசி மாதங்களில் சேர்ந்திருக்க வேண்டிய புரதத்தையும் கால்சியத்தையும் ஈடுகட்டத்தான் அது.

கங்காரு முறையில் குழந்தையை நெஞ்சோடு வைத்திருந்த கையோடு பம்ப் செய்தால் வழக்கத்தைவிட அதிகம் வரும். மார்பில் ஒரு பகுதி சிவந்து கெட்டியாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே டாக்டரைப் பாருங்கள். பம்ப்பை மட்டும் நிறுத்தாதீர்கள். பால் தேங்கினால் சீழ் பிடிக்கலாம்.